மேனேஜருக்குப் பூக் கேட்ட கதை

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊரில் அது இன்னும் மோசம். இங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். நேரில் பார்த்தால் வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்று உபசாரம் நடக்கும். ஆள் தலை மறைந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். போன வருஷம் அந்த ஆட்டத்தில் பந்தாக உருண்டவர் என் வீட்டுக்காரர்.

கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில், மூடிப்போன ஒரு மில்லின் மைதானம்தான் எங்கள் டீமுக்கு மைதானம். மில் போனாலும் அந்த இடத்தை இன்னும் யாரும் சைட் போட்டு விற்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த டீமுக்கு மேனேஜர். முன்பெல்லாம் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஆட்டங்களை டிவியில் பார்த்துப் பழகிய பிறகு மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். அதனால் சம்பளம் ஒன்றும் கூடவில்லை, கோச்சாக இருந்தபோதும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் பம்ப் கம்பெனியில் லேத்தில் நிற்பார், விடிகாலையும் சாயங்காலமும் மைதானத்தில் நிற்பார். நான் வீட்டில் மெஷின் போட்டுத் திருப்பூர் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். டீமின் ஜெர்சியைத் தைப்பதும் நான்தான். ஆட்டம் என்றால் மெஷினை நிறுத்திவிட்டு மைதானத்து மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவரைப் பிடிக்காதவர் ஊரில் இல்லை. யாருக்காவது கால் பிசகினால் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். டீமில் ஆடுகிறவனுக்குப் பெண் பார்க்கப் போனால் பெற்றவர்களுக்குப் பக்கத்தில் இவரை உட்காரவைப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கிறவனுக்கு மனசு நோகுமே என்று, ஜெயிக்கிற ஆட்டத்திலும் தோற்கிற ஆட்டத்திலும் எல்லோரையும் ஒரு முறையாவது உள்ளே இறக்கிவிடுவார். அந்த நல்ல குணம்தான் வினையாக வந்து முடிந்தது.

போன வருஷக் கப்பில் அரையிறுதி பெனால்டி வரை போனது. யார் யார் அடிப்பது என்று மேனேஜர்தான் சொல்ல வேண்டும். இவர் வட்டமாக நின்றவர்களைப் பார்த்து யாருக்கெல்லாம் ஆசை என்று கேட்டார். ஆசைப்பட்டவர்களில் எங்கள் கோல்கீப்பரும் ஒருவர். அவர் அடித்த பந்து கோலுக்கு மேலே போய்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் விழுந்தது. தோற்றோம். நான் தலையில் அடித்துக்கொண்டேன், பெண்டாட்டி என்பதால் எனக்கு அந்த உரிமை இருந்தது. மேட்டில் இருந்த மற்றவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

அந்த வாரமே, எல்லோரும் டீ குடிக்கக் கூடுகிற பேக்கரியில் ஊர் இரண்டாகிவிட்டது. மேனேஜர் இருக்க வேண்டும் என்ற கட்சிக்குப் பேக்கரிக்காரர் தலைவர். கப்பு இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும், இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா என்பது அவர் வாதம். போக வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் ஒரு தறிக்காரர். இருபுறமும் தறி ஓடுகிற பெரிய குடோன் அவருக்கு உண்டு, டீமுக்கு வேனும் ஜெர்சித் துணியும் அவர் உபயம். வெளிநாட்டில் என்றால் மூன்று ஆட்டம் தோற்றாலே மேனேஜரைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்கள், நல்லவர் வேறு, மேனேஜர் வேறு என்பார். அவர் எங்களுக்கு எதிரி இல்லை. எங்கள் கல்யாணச் சமையலுக்கு அடுப்பு வைத்ததே அவர் வீட்டுக் களத்தில்தான். இரண்டு கட்சிக்காரர்களும் பேச்சை ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். மேனேஜர் மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா... அந்த ஆனாவைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம் கடைக்குள் பப்ஸ் அடுக்குகிற பெண் எனக்கு ஒப்பிக்கிற சங்கதி. நானே பிரெட் வாங்கப் போனால் பேச்சு சட்டென்று தென்னைக்கு வந்திருக்கிற வாடல் நோய்க்குத் தாவிவிடும். தென்னை மரமே இல்லாதவர்கள்கூட அதைப் பற்றி விசனப்படுவார்கள். நானும் ஒன்றும் தெரியாதவள்போல, ஆமாங்க, மருந்து அடிச்சாலும் கேக்கறதில்லீங்களாமா என்று சொல்லிவிட்டு வருவேன்.

இந்தப் பேச்சு ஊருக்குள் நடந்தபோதே எங்கள் வீட்டுக்குள் இன்னொன்று இருந்தது. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளகோவில் பக்கம் விடுதியோடு இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர் அந்த அரையிறுதியைப் பார்க்க வந்திருந்தார். எல்லோரும் குறை சொன்ன விஷயம்தான் அவருக்குப் பிடித்துப்போனது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் இறக்கிவிட்ட ஆள் யார் என்று விசாரித்து, வீட்டுக்கே வந்து, தங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர வர முடியுமா என்று கேட்டார். சம்பளம், தங்க வீடு, எல்லாம் உண்டு. மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார்.

அவர் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. லேத்தில் நின்று நின்று அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கட்டிலில் ஏறும்போது வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வைப்பார். இரும்புத் தூள் கண் இமையில் ஒட்டியபடியே மைதானத்துக்கு ஓடுகிற மனுஷன், பகல் முழுக்கப் புல்லில் நிற்கிற வேலை தேடி வந்தால் வேண்டாம் என்பாரா என்று நினைத்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. டீமை விட்டுவிட்டு நாமாக எப்படிப் போவது, அவர்களாகப் போகச் சொன்னால் போகலாம் என்றார். நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு டீமைக் கைவிட்டார் என்ற பேர் அவருக்கு வரக் கூடாது. அவரும் உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னைக் கேட்கவில்லை.

ஆக என் நிலைமை விசித்திரமாகிவிட்டது. என் வீட்டுக்காரரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக இருந்தது. அவர் லாயக்கில்லை என்று சொல்கிறவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தறிக்காரர் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதாகப் பப்ஸ் அடுக்குகிற பெண்ணிடம் ஒரு நாள் சொல்லியும்விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பேசித் தீரவில்லை என்று யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். மேனேஜர் இருக்கணும், மேனேஜர் போகணும் என்று இரண்டு கட்டம். யார் எதற்குப் போட்டார்கள் என்று பேரோடு தெரியும். அப்புறம் எங்கள் ஊர்க்காரர்கள் எப்படிப் போடுவார்கள்? பாதிப்பேர் இரண்டுக்கும் போட்டிருந்தார்கள். இந்தக் கட்சி மனசும் நோகக் கூடாது, அந்தக் கட்சி மனசும் நோகக் கூடாது. அந்தக் குரூப்பில் மேனேஜரும் இருக்கிறார் என்பதை யாரும் யோசிக்கவே இல்லை. அவரும் இரண்டுக்கும் போட்டிருந்தார்.

கடைசியில் அம்மனிடமே பூக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் அது வழக்கம்தான். கிணறு வெட்டுவதோ, சம்பந்தம் பேசுவதோ, மனசு இரண்டுங்கெட்டானாக இருந்தால் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் வைத்து, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. கேட்கிற காரியத்தை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது ஆகும். சிவப்பு வந்தால் ஆகாது. காரியத்தை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் கிடையாது. அம்மனுக்குத் தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் பக்கத்து மாகாளியம்மன் கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. டீமில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். மேனேஜர் விஷயமாயிற்றே என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஷிப்ட், அவர் வரவில்லை. நான் கடைசியில் தூணை ஒட்டி நின்றேன். பூசாரி பூப் பொட்டலங்களை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, யார் எடுப்பது என்று கேட்டார். பேக்கரிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க எடுங்க அம்மணி. உங்களைய எடுக்கச் சொல்லி மேனேஜரே சொல்லியுட்டாருங்க" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முன்னால் போனேன். எல்லாரும் மனசுல நெனச்சுக்குங்க என்றார் பூசாரி. எனக்குப் பின்னால் அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். தாயே, அவர் போகட்டுமா என்று நான் கேட்டேன். இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. தறிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பேக்கரிக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தோற்றாலும் எவ்வளவு பெருந்தன்மையாகச் சிரிக்கிறார், என்ன மனுஷன் என்று நினைத்து எனக்கு அவர் மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. இரண்டு தலைவர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். பேக்கரியில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் வெள்ளை வந்தது என்றேன். அம்மனே போகச் சொல்லிவிட்டது, இனி என்ன என்றேன். அவர் வலது காலை நீட்டி, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வாரேனுங்க என்று சொல்லிவிட்டார். கம்பெனியிலும் கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். விஷயம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. வழியனுப்பு விழாவாக இருக்கும் என்று நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, தட்டில் பொன்னாடை, மாலை, ஓரத்தில் பெரிய பாத்திரத்தில் பிரியாணி எல்லாம் தறிக்காரர் ஏற்பாடு. அவர் பொன்னாடையைப் போர்த்தி, நீங்கள் எங்கே போனாலும் நல்லா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பேக்கரிக்காரரின் ஆம்னி வேன் வந்து நின்றது. அதிலிருந்து நாலு பேர் ஒரு பெரிய பிளெக்ஸை இறக்கி, இரண்டு கோல் கம்பத்துக்கும் நடுவில் கட்டினார்கள். என் வீட்டுக்காரரின் படம் யானை அளவுக்கு இருந்தது. கீழே, எந்நாளும் எங்கள் மேனேஜர் என்று எழுதியிருந்தது.

போர்த்திய பொன்னாடையோடு என் வீட்டுக்காரர் தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பேக்கரிக்காரர் கட்சி, மேனேஜர் இருக்கட்டுமா என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தறிக்காரர் கட்சி, போகட்டுமா என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வெள்ளை வந்ததும் இரண்டு பேருக்கும் ஆகும் என்று வந்துவிட்டது. என்ன கேட்கப் போகிறோம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசிக்கொள்ளத் தோன்றவில்லை. பூசாரியைக் கூட்டி வந்தார்கள். நீங்க நெனச்சது எனக்கு எப்படிங்க தெரியும் என்றார் அவர். மறுபடி ஒரு தடவை கேட்டுவிடலாமா என்றதற்கு, ஒருக்காக் கேட்ட காரியத்தை மறுக்காக் கேக்கக் கூடாதுங்க, அம்மனைச் சோதிக்கற மாதிரி ஆயிரும் என்று தலையை ஆட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் குனிந்து பொன்னாடையின் சரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் நான் பார்த்திராத ஒன்று அன்றைக்கு நடந்தது. முகத்துக்கு நேரே பேசினார்கள். கப்பு முக்கியமா மனுஷன் முக்கியமா என்று பேக்கரிக்காரர் கேட்க, ரெண்டும் முக்கியமுங்க, கோல்கீப்பரைப் பெனால்டி அடிக்க உடறவரு மேனேஜருங்களா என்று தறிக்காரர் திருப்பிக் கேட்டார். கோல்கீப்பர் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். சண்டையிலும் ஒருவரும் மரியாதைக்குச் சேர்க்கிற ஒரு 'ங்க'வைக்கூடக் குறைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேனேஜரையே கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நீங்க எல்லாரும் சொன்னாச் செரிங்க என்றார் அவர். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அப்போது பூசாரிதான், பூவை எடுத்தது இந்த அம்மணிதானுங்களே, எடுத்தவிய நெனச்சதுதான் கணக்கு என்றார். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"போகட்டுமான்னுதான் கேட்டேனுங்க. அவுரு போகோணும்னு எனக்கு ஆசைங்க" என்றேன்.

பள்ளிக்கூட வேலையைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன், மாசக் கடைசியைச் சொன்னேன். தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஜெயித்துவிட்டார், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. பேக்கரிக்காரர் என் பக்கத்தில் வந்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருப்பேனே என்றார். யாருங்க கேட்டீங்க என்றேன். அவர் திரும்பி, பிளெக்ஸை அவிழ்க்கப் போன ஆட்களை, இருக்கட்டும் உடுங்கப்பா என்று தடுத்தார். அந்தப் படத்துக்குக் கீழே பாய் விரித்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். கோல்கீப்பருக்கு என் வீட்டுக்காரரே தட்டில் போட்டுக் கொடுத்தார்.

மீந்ததை ஒரு தூக்குச் சட்டியில் போட்டு எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மொபெட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மில் காம்பவுண்டு சுவர் முடிகிற இடத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒண்ணு சொல்லோணும்" என்றார். "இவுங்க பூக் கேக்கறதுக்கு முன்னாலயே நான் ஒருக்காத் தனியாப் போய்க் கேட்டேன். போலாமான்னு. செவப்பு வந்துச்சு."

நான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். என்ன காரியம் என்று பூசாரி கேட்கவில்லையாம், இவரும் சொல்லவில்லையாம். அம்மன் ஆகாது என்று சொன்னதை மனசில் போட்டுப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல எத்தனை நாள் மைதானத்துக்குப் போய் வந்திருக்கிறார். என்னை எடுக்கச் சொல்லிச் சொல்லிவிட்டது எதற்கு என்று கேட்டேன். என் கைக்கு வேறு பூ வரும் என்று தோன்றியதாம். அவ்வளவு ஆசை அவருக்கு இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"ஏனுங்க, அம்மங்கிட்ட ரெண்டு தடவ கேக்கத் தெரியுது. என்கிட்ட ஒருக்காக் கேக்கத் தெரியலீங்களா?"

அவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மன் வேண்டாம்னா இன்னொருக்காப் போய்க் கேட்டுக்கலாம். நீ வேண்டாம்னு சொல்லிப்போட்டா நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கும், மெதுவாகவே போங்க என்று மட்டும் சொன்னேன்.